அவர் சொன்னது இன்னும் அப்படியே இருக்கிறதா? பிறர் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதும்போது காலத்தைத் தேர்ந்தெடுக்கும் வழி

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் வேலைகளை ஒருங்கிணைப்பவளாகச் சேர்ந்த புதிதில், ஒரே ஒரு 'இஸ்' எழுதி இரண்டு நாள் கட்டிங்கை நிறுத்தியவள் நான்.

திங்கட்கிழமை, எங்கள் துணிக்கு நேவி, அதாவது கருநீலச் சாயம் போடும் சாயப்பட்டறையிலிருந்து போன். "நேவி ஷேட் சரியா வரலீங்க, மறுபடி போட்டிருக்கோம்" என்றார். புதன்கிழமை ஷேட் சரியாகிவிட்டது. வியாழக்கிழமை வாராந்திர மெயில் எழுதும்போது நோட்டைப் பார்த்து, "டையர் செட் தட் தி நேவி ஷேட் இஸ் நாட் மேட்சிங்" (நேவி ஷேட் சேரவில்லை என்று சாயப்பட்டறைக்காரர் சொன்னார்) என்று எழுதினேன். அடுத்த வரியிலேயே, "கட்டிங் வில் ஸ்டார்ட் ஆன் ஃப்ரைடே". பையருக்காக ஆர்டரைக் கவனிக்கும் பையிங் ஆபீஸில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? ஷேட்டே சேராத துணியை வெட்டப் போகிறார்கள் என்றுதான். கட்டிங்கை நிறுத்தச் சொல்லி மெயில் வந்தது. "ஏம்மா, சரியாயிருச்சுன்னு நேத்தே சொன்னியே?" என்று மேனேஜர் என் மேஜைக்கு வந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பள்ளிக்கூடத்தில் டைரக்ட், இன்டைரக்ட் ஸ்பீச் படித்தவள்தான். பரீட்சையில் மார்க்கும் வாங்கினேன். ஆனால் எந்தக் காலம் எதுவாக மாறும் என்று அங்கே போட்ட அட்டவணை மெயில் எழுதும்போது கை கொடுக்கவில்லை. எனக்குப் பிறகு வந்த பெண்களும் பையன்களும் இதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

புதுப் புத்தகம் வாங்க வேண்டாம். நான்கு பொருள் போதும்.

நீங்கள் அனுப்பிய பழைய மெயில்களில் பத்தைப் பிரிண்ட் எடுங்கள். 'சொன்னார்' என்பதற்கு வரும் செட், டோல்ட், 'கேட்டார்' என்பதற்கு வரும் ஆஸ்க்ட் ஆகிய மூன்று சொற்களும் வருகிற மெயில்களாகப் பார்த்து எடுப்பது நல்லது. அடுத்து, போன் பேசும்போது குறிக்கும் நோட்டு. அதில் கிழமையும் நேரமும் இருக்கிறதா என்று பாருங்கள். என் நோட்டில் "டையர் - ஷேட் பிரச்சனை" என்று மட்டும் இருந்தது, தேதி இல்லை. பாதித் தப்பு அங்கேயே நடந்துவிட்டது. மூன்றாவது, பேசியவர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்கள். அவர் சரியாக எந்தச் சொல்லைச் சொன்னார் என்று திரும்பக் கேட்க உதவும். நான்காவது, பயிற்சி எழுத முப்பது ரூபாய்க்கு நோட்டுப் புத்தகம் ஒன்று.

2. தமிழ் எங்கே காலை வாருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிவிட்டு அட்டவணைக்குப் போகாதீர்கள். நான் அப்படிப் போய்த்தான் மூன்று மாத ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டினேன். அங்கே இதே பாடத்தை ஒன்றரை மணி நேரத்தில் அட்டவணை போட்டு முடித்துவிட்டார்கள்.

தமிழில் "துணி வரும் என்றார்" என்று சொல்கிறோம். அவர் நேற்றுச் சொன்னாலும் போன வருடம் சொன்னாலும் 'வரும்' மாறுவதில்லை. "வருவதாகச் சொன்னார்" என்றாலும் அதே கதைதான். துணி வந்து, தைத்து, கப்பல் ஏறிப் போன பிறகும் "அன்னைக்கு வருவதாகச் சொன்னார்" என்றுதான் பேசுவோம். அதாவது உள்ளே இருக்கும் வினை, சொன்னவரின் கடிகாரத்தில் ஓடுகிறது. அவர் பேசிய நொடியில் அது இனிமேல் நடக்க வேண்டியது, அதனால் எதிர்காலம்.

ஆங்கிலத்தில் அந்தக் கடிகாரம் எழுதுகிறவரின் கையில் இருக்கிறது. நான் இன்றைக்கு நின்றுகொண்டு அவர் அன்றைக்குச் சொன்னதை எழுதுகிறேன். 'செட்' என்று எழுதிய உடனேயே அவருடைய பேச்சு முழுவதும் எனக்குப் பின்னால் போய்விடுகிறது, கூடவே உள்ளிருக்கும் வினையும் ஒரு படி பின்னே போகிறது. "ஹி செட் தி ஃபேப்ரிக் வுட் கம்."

இதனால்தான் நம் கை தானாகவே 'இஸ்', 'வில்' என்று போடுகிறது. இலக்கணம் தெரியாததால் அல்ல, தமிழ் வாக்கியம் அடியில் ஓடிக்கொண்டிருப்பதால்.

3. வெளியே இருக்கும் வினையை முதலில் பாருங்கள்

வாக்கியம் எழுதத் தொடங்கும்போதே கேளுங்கள்: வெளியில் இருப்பது 'செஸ்' ஆ, 'செட்' ஆ?

'செஸ்', 'ஹேஸ் செட்' என்று நிகழ்காலத்தில் இருந்தால் உள்ளே எதையும் தொட வேண்டாம். "தி பையர் செஸ் தட் தி சாம்பிள் இஸ் அப்ரூவ்ட்." எழுத்தில் வந்ததைக் குறிப்பிடும்போது இது ரொம்ப வசதி. மெயிலும் பர்ச்சேஸ் ஆர்டரும் இன்னும் நம் கண் முன்னால் இருக்கின்றன, அதனால் "தி மெயில் செஸ்", "தி ஆர்டர் ஷீட் செஸ்" என்று எழுதிவிட்டுப் போகலாம். குழப்பமே வராது.

'செட்', 'டோல்ட்' என்று இறந்தகாலத்தில் இருந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

ஒரு பொறி: 'டோல்ட்' என்றால் யாரிடம் என்று உடனே சொல்லியாக வேண்டும். "ஹி டோல்ட் தட்" தவறு. "ஹி டோல்ட் மீ தட்" சரி. 'செட்' அதற்கு நேர்மாறு. "ஹி செட் மீ" தவறு. "ஹி செட்" சரி. தமிழில் 'சொன்னார்' என்ற ஒரே சொல் இரண்டு வேலையும் பார்ப்பதால் இந்தத் தப்பு நம் ஊரில் சாதாரணம்.

4. உள்ளே இருக்கும் வினையை ஒரு படி இறக்குங்கள்

அவர் பேசிய வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதுங்கள். அதற்குக் கீழே, வினையை ஒரு படி இறந்தகாலத்துக்கு இறக்கியதை எழுதுங்கள். தினம் ஐந்து போதும்.

இஸ் என்பது வாஸ் ஆகும், ஆர் என்பது வேர் ஆகும். "வீ யூஸ்" என்றால் "தே யூஸ்ட்". "வீ ஆர் லோடிங்" என்றால் "தே வேர் லோடிங்". "வீ ஹேவ் ஃபினிஷ்ட்" என்றால் "தே ஹேட் ஃபினிஷ்ட்". "வீ ஹேவ் பீன் வெயிட்டிங்" என்றால் "தே ஹேட் பீன் வெயிட்டிங்". ஏற்கெனவே 'ஹேட் ஃபினிஷ்ட்' என்று இருந்தால் அதற்குக் கீழே படி இல்லை, அப்படியே விடுங்கள்.

இதுவரை எளிது. சிக்கல் சாதாரண இறந்தகாலத்தில்தான். "லாரி நேத்து ராத்திரி கிளம்பிருச்சுங்க" என்றார். பள்ளிக்கூட விதிப்படி "ஹி செட் தி லாரி ஹேட் லெஃப்ட்". ஆனால் "ஹி செட் தி லாரி லெஃப்ட் லாஸ்ட் நைட்" என்று எழுதினாலும் யாரும் தப்பென்று சொல்ல மாட்டார்கள். நேரம் வெளிப்படையாக இருக்கிறது, குழப்பம் இல்லை. எல்லா இடத்திலும் 'ஹேட்' போட்டே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நான் ஆறு மாதம் எழுதிய மெயில்களை இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது.

எங்கே 'ஹேட்' கட்டாயம்? இதைப் பாருங்கள். சாயப்பட்டறைக்காரர் இரண்டு விதமாகச் சொல்லலாம். "வேற கெமிக்கல் போடறோமுங்க." "வேற கெமிக்கல் போட்டோமுங்க." முதலாவது இன்றைய வழக்கம். இரண்டாவது முடிந்துபோன ஒன்று. முதலாவதை ஒரு படி இறக்கினால் "தே யூஸ்ட் எ டிஃபரன்ட் கெமிக்கல்". இரண்டாவதை இறக்காமல் விட்டாலும் அதே "தே யூஸ்ட்". படிக்கிறவருக்கு எது என்று எப்படித் தெரியும்? கெமிக்கல் விஷயத்தில் பையர்கள் எவ்வளவு கெடுபிடி என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் முடிந்துபோனதற்கு "தே ஹேட் யூஸ்ட்" என்று எழுதி, கூடவே "இன் தி ஃபர்ஸ்ட் லாட்" என்று சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு பொறி: 'ஹேட்' பிடித்துப்போய் வெளியேயும் போடுவது. "ஹி ஹேட் செட் தட் ஹி ஹேட் சென்ட்." வெளியே 'செட்' மட்டும் போதும்.

5. "இன்னும் அப்படியே இருக்கிறதா?" என்று கேளுங்கள்

என் கட்டிங் நின்றது இந்தப் படியைத் தவறவிட்டதால்தான்.

'செட்' என்று போட்ட பிறகும் உள்ளே நிகழ்காலத்தை விட ஆங்கிலத்தில் இடமுண்டு. ஆனால் அப்படி விட்டால், "அவர் சொன்னது இன்றைக்கும் உண்மை" என்று நீங்களும் சேர்ந்து சொல்கிறீர்கள். "காட்டன் ஷ்ரிங்க்ஸ் இன் ஹாட் வாட்டர்" என்பது என்றைக்கும் உண்மை. அதனால் "ஹி செட் தட் காட்டன் ஷ்ரிங்க்ஸ் இன் ஹாட் வாட்டர்" சரி. "ஞாயித்துக்கிழமை யூனிட் லீவுங்க" என்பது அடுத்த வாரமும் உண்மை. "ஹி செட் தி யூனிட் இஸ் க்ளோஸ்ட் ஆன் சண்டேஸ்" என்று விடுவதே நல்லது. அவசரத்தில் "ஹி செட் தி யூனிட் வாஸ் க்ளோஸ்ட்" என்று மொட்டையாக எழுதி, பட்டறையையே மூடிவிட்டார்களா என்று பதறி போன் வந்த கதையும் உண்டு.

ஷேட் அப்படியல்ல. திங்கட்கிழமை சேரவில்லை, புதன்கிழமை சேர்ந்தது. வியாழக்கிழமை நான் 'இஸ்' எழுதியபோது, "இன்றைக்கும் சேரவில்லை" என்று என் வாயால் சொல்லிவிட்டேன்.

'வாஸ்' எழுதியிருந்தால் தப்பித்திருப்பேனா? பாதிதான். 'வாஸ்' என்பது அன்றைய நிலையை மட்டும் சொல்லும். பிறகு சரியானதா இல்லையா என்று சொல்லாது. அதற்குத் தனி வாக்கியம் வேண்டும். இப்போது எழுதுவதென்றால் இப்படி எழுதுவேன்: "ஆன் மண்டே தி டையர் செட் தட் தி நேவி ஷேட் வாஸ் நாட் மேட்சிங். ஹி ரீ-டைட் இட், அண்ட் இட் இஸ் ஓகே நவ்." முதல் வாக்கியத்தில் அவர் பேச்சு, இரண்டாவதில் என் பேச்சு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடைக்கப் பார்க்காதீர்கள்.

இன்னும் உண்மையா என்று உங்களுக்கே உறுதியில்லையா? இறக்கி எழுதுங்கள். 'வாஸ்' எழுதி மாட்டிக்கொண்டவர்கள் குறைவு.

6. வில், கேன், மஸ்ட்

வில் என்பது வுட், கேன் என்பது குட், மே என்பது மைட். வுட், குட், மைட், ஷுட் ஏற்கெனவே இறங்கியவை. அவற்றைத் தொட வேண்டாம்.

'வில்' விஷயத்தில் காலண்டரைப் பாருங்கள். "புதன்கிழமை அனுப்பறேன்" என்று திங்கட்கிழமை சொன்னார். நீங்கள் செவ்வாய்க்கிழமை எழுதுகிறீர்கள் என்றால் புதன் இன்னும் வரவில்லை; 'வில்', 'வுட்' இரண்டும் செல்லும். வியாழக்கிழமை எழுதினால் 'வுட்' மட்டும்தான். நான் எப்போதும் 'வுட்' தான் போடுகிறேன். 'வில்' போட்டால் அவர் கொடுத்த வாக்குக்கு நானும் ஜாமீன் நிற்பது மாதிரி தெரிகிறது. சாயப்பட்டறை வாக்குக்கு ஜாமீன் நிற்கும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை.

"மழை விட்டா லோடு ஏத்திருவோம்" மாதிரி வாக்கியத்தில் இரண்டு பக்கமும் இறங்கும்: "ஹி செட் தட் இஃப் தி ரெயின் ஸ்டாப்ட், தே வுட் லோட்." ஆனால் "ஸ்டாக் இருந்தா கொடுத்திருவேனே" என்று இல்லாததைக் கற்பனையாகச் சொல்வது ஆங்கிலத்தில் ஏற்கெனவே 'இஃப் ஐ ஹேட் ஸ்டாக், ஐ வுட் கிவ்' என்று இறங்கித்தான் இருக்கும். ஐ என்பதை ஹி ஆக்கினால் போதும்.

'மஸ்ட்' பெரும்பாலும் 'ஹேட் டு' ஆகும். என்றைக்கும் நிற்கும் விதி என்றால் 'மஸ்ட்' என்றே விடலாம்.

7. நாளை, நேற்று, இங்கே

வினையைச் சரியாக இறக்கிவிட்டு 'டுமாரோ'வை அப்படியே விட்டால் எல்லாம் வீண். அவருடைய நாளை, உங்கள் மெயில் போய்ச் சேரும் நாளில் நேற்றாகக்கூட இருக்கலாம்.

டுமாரோ என்பது தி நெக்ஸ்ட் டே, யெஸ்டர்டே என்பது தி டே பிஃபோர், டுடே என்பது தட் டே, நவ் என்பது தென், ஹியர் என்பது தேர், அகோ என்பது பிஃபோர். பரீட்சைக்கு இதுதான் விடை.

வேலையில் இதைவிட நல்ல வழி இருக்கிறது: தேதியைப் போடுங்கள். "ஹி செட் தி ஃபேப்ரிக் வுட் கம் ஆன் வெட்னஸ்டே, 18 ஜூன்." லண்டனில் காலையில் திறந்து படிப்பவருக்கும் சந்தேகம் வராது. அன்றைக்கே பேசி அன்றைக்கே அனுப்பினால் 'டுமாரோ' இருக்கலாம். இருந்தாலும் நான் தேதிதான் போடுகிறேன்.

8. கேள்வியாக இருந்தால்

"எப்ப அனுப்பினீங்கன்னு கேட்டாரு." இதை நம் ஆட்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "ஹி ஆஸ்க்ட் மீ வென் டிட் வீ ஷிப்?" என்று எழுதுவார்கள். இதில் மூன்று தப்பு. 'டிட்' வரக்கூடாது. வரிசை சாதாரண வாக்கியம் போலத் திரும்ப வேண்டும். கேள்விக்குறி வேண்டாம். "ஹி ஆஸ்க்ட் மீ வென் வீ ஹேட் ஷிப்ட்." அவ்வளவுதான். எங்கே வைப்பீர்கள் என்று, 'வேர் டு யூ கீப்' எனக் கேட்டிருந்தால், 'வேர் வீ கெப்ட்'.

"அனுப்பியாச்சான்னு கேட்டாரு" என்பது போல 'ஆ' வரும் கேள்விக்கு 'இஃப்' அல்லது 'வெதர்' போடுங்கள். "ஹி ஆஸ்க்ட் இஃப் வீ ஹேட் ஷிப்ட்." இங்கே நம் 'என்று' குறுக்கே வந்து நின்று "ஆஸ்க்ட் தட் வெதர்" என்று எழுத வைக்கும். அந்த 'தட்' வேண்டாம், வெட்டுங்கள்.

9. வேலை சொன்னால்

இது ஒன்றில்தான் தமிழ் நமக்குத் துணைக்கு வருகிறது. "அனுப்பச் சொன்னார்" என்கிறோம். அந்த 'அனுப்ப' தான் 'டு சென்ட்'. "ஹி டோல்ட் அஸ் டு சென்ட் தி சாம்பிள்ஸ்." இங்கே காலமே கிடையாது, இறக்குவதற்கு ஒன்றுமில்லை. அனுப்ப வேண்டாம் என்றால் "ஹி டோல்ட் அஸ் நாட் டு சென்ட்". பையர் கேட்டுக்கொண்டார் என்றால் 'டோல்ட்'டுக்குப் பதில் 'ஆஸ்க்ட்' அல்லது 'ரிக்வெஸ்டட்'. மரியாதை அங்கே இருக்கிறது.

10. பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு மட்டும்

மேலே ஐந்தாவது படியில் சொன்ன சுதந்திரத்தைப் பரீட்சை ஹாலுக்குள் கொண்டுபோகாதீர்கள். அங்கே 'செட்' என்றால் இறக்கு என்பதுதான் கணக்கு. என்றைக்கும் மாறாத உண்மைக்கு மட்டும் விலக்கு: "தி எர்த் மூவ்ஸ் ரவுண்ட் தி சன்" மாதிரி. சாதாரண இறந்தகாலத்துக்கும் 'ஹேட்' போட்டுவிடுங்கள். 'செட் டு மீ' என்று வினாவில் வந்தால் விடையில் 'டோல்ட் மீ'. இலக்கண நியாயம் பேசி மார்க் வாங்க முடியாது.

11. எவ்வளவு நாள், எவ்வளவு செலவு

தினம் இருபது நிமிடம் வைத்தால் மூன்று வாரம். முதல் வாரம் நான்காவது படியை மட்டும் செய்யுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். இரண்டாவது வாரம் பழைய மெயில் பத்தையும் எடுத்து, ஒவ்வொரு 'செட்'டையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, உள்ளே இருக்கும் வினையை மாற்றி எழுதுங்கள். எனக்குப் பத்து மெயிலில் பதினேழு இடம் சிவந்தது. மூன்றாவது வாரம் கேள்விகள்.

சந்தேகம் வந்தால் பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலிஷ் தளத்திலும், கேம்பிரிட்ஜ் டிக்‌ஷனரி தளத்தின் இலக்கணப் பகுதியிலும் இந்தப் பாடம் இலவசமாக இருக்கிறது. தினம் ஒரு ஆங்கிலச் செய்தியை எடுத்து 'செட்' வரும் வாக்கியங்களைக் கோடிட்டுப் பாருங்கள். அமைச்சர் சொன்னது, போலீஸ் சொன்னது என்று ஒரே பக்கத்தில் பத்து உதாரணம் கிடைக்கும். பேப்பர் காசு மட்டும்தான் செலவு.

பிழை திருத்தும் மென்பொருளை நம்பி இருக்காதீர்கள். "தி ஷேட் இஸ் நாட் மேட்சிங்" என்பதும் "தி ஷேட் வாஸ் நாட் மேட்சிங்" என்பதும் இலக்கணப்படி சரியான வாக்கியங்கள்தான். சாயப்பட்டறையிலிருந்து என்றைக்கு போன் வந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்?

12. அனுப்பும் முன் இரண்டு நிமிடம்

மெயிலை எழுதி முடித்ததும் கண்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தி, முதலில் 'செட்', பிறகு 'டோல்ட்', பிறகு 'ஆஸ்க்ட்' என்று தேடுங்கள். ஒவ்வொன்றிலும் நின்று, வலது பக்கம் இருக்கும் வினையைப் பாருங்கள். அது 'இஸ்', 'ஆர்', 'வில்', 'ஹேஸ்' என்று இருந்தால் போனை எடுத்து, சொன்னவரிடமே கேளுங்கள்: "அண்ணா, அன்னைக்குச் சொன்னீங்களே, இப்பவும் அப்படித்தானுங்களா?"